ஒரே விமானம், இரண்டு சைக்கிள்: சென்னையிலிருந்து லே போன வழியில் வளைந்த ஹேங்கர்

2023 செப்டம்பர் முதல் வாரம் நானும் என் கல்லூரி நண்பனும் ஆளுக்கொரு சைக்கிளோடு சென்னையிலிருந்து டெல்லி வழியாக லடாக்கில் உள்ள லேக்குப் போனோம். பத்து நாள் சைக்கிளிலேயே சுற்றுவதாகத் திட்டம். என் வண்டி கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டியில் போனது. அவன் வண்டி, இதற்கென்றே விற்கும் மெத்தை வைத்த பையில் போனது. ஒரே விமானம், ஒரே கன்வேயர், ஏற்றி இறக்கியவர்களும் ஒரே ஆட்கள். என் வண்டி போனபடியே வந்து சேர்ந்தது. அவன் வண்டியின் பின் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றும் பாகம் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு, வளைந்து வந்தது. அதுவும் நான்காம் நாள் நடுரோட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் அப்படி ஆயிற்று, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று ஊர் திரும்பிய பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேயிலேயே வாடகைக்கு நல்ல மலைச் சைக்கிள் கிடைக்கும். கார்துங் லா கணவாயின் உச்சிவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து உருண்டு இறங்குவதுதான் ஆசை என்றால் வாடகை வண்டியே போதும், இவ்வளவு பாடு தேவையில்லை. எங்கள் கணக்கு வேறு. தினமும் ஆறேழு மணி நேரம் மிதிக்க வேண்டும். முட்டி வலிக்காமல் அவ்வளவு நேரம் ஓட்ட வேண்டுமானால், பல வருடம் ஈ.சி.ஆரில் ஓட்டிப் பழகி, சீட் உயரம் உடம்புக்கு அமைந்துவிட்ட சொந்த வண்டிதான் சரி. ரயிலில் பார்சல் போட்டால் டெல்லி, இல்லை சண்டிகர் வரைதான் போகும். அங்கிருந்து லே வரை கொண்டுபோவது தனி வேலை. அதனால் விமானம் என்று முடிவு செய்தோம்.

கட்டிய விதம்

என்னுடையது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்.டி.பி., அதாவது மலைச் சைக்கிள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அவனுடையது அலுமினிய கிராவல் வண்டி, கேபிள் டிஸ்க் பிரேக், பின்னால் 11 பல்லிலிருந்து 34 பல் வரை பத்து கியர்.

நான் பெட்டி வாங்கியது வழக்கமாக சர்வீஸ் விடும் கடையில். புது வண்டிகள் வந்திறங்கும் பெட்டி அது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். அங்கே வேலை செய்யும் தம்பி பெட்டியைக் கொடுக்கும்போதே சொன்னான்: "அண்ணா, 'இந்தப் பக்கம் மேலே'னு எழுதி அம்புக்குறியெல்லாம் போடுவீங்க. யாரும் பாக்க மாட்டாங்க. படுக்கப் போட்டு மேல நாலு சூட்கேஸ் அடுக்குவாங்கன்னு நெனச்சுக் கட்டுங்க."

என் பெட்டி முழுவதையும் இந்தப் பேச்சை மனதில் வைத்துத்தான் கட்டினேன். துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாய்கள் சும்மா கிடக்கும். இரண்டு குழாய் வாங்கி வந்து, பெட்டியின் உள் அகலத்தை அளந்து, என் பெட்டிக்கு 21 செ.மீ., ஐந்து துண்டுகளாக அறுத்தேன். ஒன்று ஃபிரேமின் முக்கோணத்துக்குள், ஒன்று முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு முன்னால், மீதி மூன்றும் மூலைகளின் பக்கம். எல்லாமே பெட்டியின் இரண்டு பெரிய பக்கங்களுக்கும் குறுக்கே, முட்டுக்கொடுத்தாற்போல. பெட்டி நிற்கும்போது இவற்றுக்கு வேலையே இல்லை. படுத்துவிட்டால் ஐந்தும் தூணாகிவிடும். மேலே ஏறும் எடை குழாய் வழியாகவே கீழ்ப்பக்கத்துக்கு இறங்கிவிடும், வண்டியின்மேல் உட்காராது. குழாய் கொஞ்சம் குட்டையாக இருந்தால்கூடப் பயனில்லை. பெட்டியை மூடும்போது லேசாக இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

பெடல்களைக் கழற்றினேன். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர்மரை, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய் மரையைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல மாதம் கழற்றாத பெடலைப் புறப்படும் இரவில் கழற்ற உட்காரவே கூடாது. ஒரு வாரம் முன்பே கழற்றி, மரையில் கிரீஸ் தடவி, திரும்ப மாட்டி வைத்துவிட வேண்டும். லேயில் பெட்டியைப் பிரிக்கும்போது உயரத்தால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இறுகிப்போன பெடலோடு மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பு இருக்காது.

முன்சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமின் இடதுபக்கம் வைத்துக் கட்டினேன். சக்கரம் இல்லாத ஃபோர்க்கின் இரண்டு கால்களும் அமுங்கி நெருங்கிவிடும். அதைத் தடுக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் மாட்ட வேண்டும். புது வண்டிகளோடு வருவதுதான், கடையில் குப்பையில் கிடக்கும். ஹைட்ராலிக் பிரேக் என்பதால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் முன் கேலிப்பருக்குள் மடித்த அட்டை ஒன்றைச் செருகினேன். இல்லாவிட்டால், டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும். சீட் போஸ்ட் எவ்வளவு உள்ளே இருந்தது என்று கறுப்பு டேப் ஒட்டிக் குறித்துவிட்டு இறக்கினேன். ஃபிரேம் குழாய்களுக்கு மேலே ஏ.சி. செப்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம். ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், நீளவாக்கில் கீறிப் போட்டால் கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும்.

கடைசியாக ஆர்.டி., அதாவது பின் கியர் மாற்றும் பாகம். ஐந்து மி.மீ. ஆலன் கீ போட்டு ஹேங்கரிலிருந்து கழற்றி, கேபிளையும் செயினையும் விலக்காமல் அப்படியே பபிள் ஷீட்டில் சுற்றி, பின் ஃபிரேமின் உள்பக்கமாகக் கட்டிவிட்டேன்.

நண்பனின் பையில் இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி அறை உண்டு. இரண்டையும் கழற்றி அதில் வைத்தான். பெடலைக் கழற்றினான், ஹேண்டில்பாரை மடக்கினான். ஆர்.டி.யைக் கழற்றவில்லை. பைக்கு மெத்தை இருக்கிறதே என்று ஒரு பழைய டர்க்கி டவலை அதன்மேல் சுற்றி விட்டுவிட்டான். பையோடு வந்த தாளிலும் அதைக் கழற்றச் சொல்லி எதுவும் இல்லை. பின்சக்கரம் இருந்த இடத்தில் ஸ்பேசரும் வைக்கவில்லை.

கவுன்ட்டரில்

ஒரே டிக்கெட்டில் டெல்லி வழியாக லே வரை. நாங்கள் எடுத்த டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோ. என் பெட்டி 19 கிலோ, அவன் பை 20. கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டினோம். சைக்கிளுக்கு என்ன கட்டணம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலர் எடைக்கு மட்டும் வாங்குகிறார்கள், சிலர் விளையாட்டுச் சாமான் என்று தனியாக வாங்குகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிள் வருகிறது என்று சொல்லி, அவர்கள் சம்மதித்ததை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். எங்கள் கையில் அந்த மின்னஞ்சல் இருந்ததால் கவுன்ட்டரில் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இன்னொன்று: எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிறவர்களின் முதுகைக் காப்பதற்கு உலகமெங்கும் உள்ள வரம்பு அது. சைக்கிள் பெட்டியில் இடம் இருக்கிறதே என்று துணிமணியெல்லாம் திணிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

"டயர்ல காத்து எறக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார்கள். இறக்கியிருந்தோம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். சாமான் அறையிலும் பயணிகள் அறையில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். பறக்கும்போது அது ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படும். கடல்மட்ட அழுத்தத்தோடு ஒப்பிட்டால் குறைவது நான்கு பி.எஸ்.ஐ.க்கும் உள்ளேதான். 50 பி.எஸ்.ஐ. அடித்த டயருக்கு அது 54 ஆனதுபோல. லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தரையில் நிற்கும்போது இருக்கும் காற்றழுத்தம், பறக்கும்போது அறைக்குள் இருந்ததைவிடவும் குறைவு. விமானத்தில் வெடிக்கும் டயராக இருந்தால் லேயின் கடைவீதியில் நிற்கிற டயரும் வெடிக்க வேண்டும். ஆனாலும் விதி விதிதான், கேட்டால் இறக்கிவிட வேண்டும். முழுவதும் இறக்காமல் 15, 20 பி.எஸ்.ஐ. விட்டு வையுங்கள். பெட்டி கீழே விழுந்தால் ரிம்முக்கு அந்தக் காற்றுதான் மெத்தை.

எதிர்பாராத இடத்தில் எனக்கு ஒரு தடங்கல் வந்தது. போர்டிங் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் பெட்டிக்குள் பேட்டரி தெரிகிறதாம். கீழே போய்ப் பார்த்தால், ஃபிரேம் பையிலேயே 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் கிடந்தது. 74 வாட்-அவர். 100-க்குக் கீழே என்பதால் கைப்பையில் தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆனால் சாமான் அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறையில் என்றால் உடனே கவனிக்க ஆள் இருக்கிறது, கீழே இல்லை. விதிக்குக் காரணம் அதுதான், நியாயமான காரணம். பேட்டரியில் ஓடும் மின்சைக்கிள்கள் பயணிகள் விமானத்தில் ஏற முடியாததும் இதனால்தான். அவற்றின் பேட்டரி பெரும்பாலும் 300 வாட்-அவருக்கு மேல் இருக்கும், 160-ஐத் தாண்டியதை விமானத்தில் விடுவதில்லை. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நான் நான்கு சுற்று ஒட்டியிருந்த பிரவுன் டேப்பை வெட்டியாயிற்று, திரும்ப ஒட்ட அங்கே மெல்லிய டேப்தான் இருந்தது. இப்போதெல்லாம் கைப்பையில் ஒரு பிரவுன் டேப் ரோல் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

கவுன்ட்டரில் ஒரு 'லிமிடெட் ரிலீஸ்' டேக்கில் கையெழுத்து வாங்கினார்கள். உடையக்கூடிய சாமான், சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு மட்டுப்பட்டது என்று பொருள். இருவரும் படிக்காமலே போட்டுக் கொடுத்தோம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லேயில்

லேயில் இறங்கினால் முதல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஒரே காலையில் மூன்றாயிரம் மீட்டருக்கு மேல் வந்து நிற்கிறோம், உடம்பு பழகாமல் மேலே ஏறினால் தலைவலி, வாந்தியில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். பெல்ட்டில் வந்த பெட்டியையும் பையையும் வெளிப்புறமாக மட்டும் பார்த்தோம். என் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, ஒரு பக்கம் முழுவதும் டயர் தேய்த்தாற்போல அழுக்கு. பையில் ஒரு கீறல்கூட இல்லை. "பாத்தியாடா, பத்து ரூபாய் பெட்டிக்கும் பைக்கும் வித்தியாசம்" என்றான். டாக்சி பிடித்து அறைக்குப் போய்ப் படுத்துவிட்டோம்.

இரண்டாம் நாள் மாலைதான் பிரித்து மாட்டினோம். குனிந்து நிமிர்ந்தாலே தலை சுற்றும் இடம் அது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் உட்கார்ந்து எழுந்தோம். கைப்பம்பில் காற்று அடிப்பது சென்னையைவிட அதிக நேரம் பிடித்தது. அங்கே பம்பை ஒரு தடவை அழுத்தினால் உள்ளே போகும் காற்றே மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அப்போதே ஒரு அறிகுறி தெரிந்தது. நண்பனின் வண்டியில் நடு கியர்களில் செயின் 'டக் டக்' என்று பக்கத்துப் பல்லை உரசியது. பயணத்தில் கேபிள் இளகியிருக்கும் என்று நினைத்து, கேபிளை இறுக்கும் திருகான பாரல் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் திருகினான். சத்தம் நின்றுவிட்டது. கோளாறு அப்படியே இருக்க, அதன் அடையாளத்தை மட்டும் துடைத்துவிட்டோம். மூன்றாம் நாள் ஊருக்குள் மெதுவாகச் சுற்றியபோது ஒன்றும் தெரியவில்லை. பெரிய பல்லுக்குப் போக வேண்டிய ஏற்றமே வரவில்லை.

நான்காம் நாள் ஸ்பிட்டுக் வழியாக நிம்மு வரை போனோம். லேயிலிருந்து சுமார் 35 கி.மீ. அதற்குச் சற்று முன்னால் சிந்துவும் சான்ஸ்கரும் கலக்கிற இடம் வருகிறது, ஒன்று பச்சையாகவும் ஒன்று கலங்கலாகவும் கொஞ்ச தூரம் சேராமலே ஓடுகின்றன. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஏற்றம். அவன் கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றினான். பின்னாலிருந்து எனக்குக் கேட்டது, சைக்கிள் கம்பியில் அட்டை சொருகி ஓட்டுவோமே சின்ன வயதில், அந்தச் சத்தம். "நிறுத்துடா, மிதிக்காத" என்று கத்தினேன். நின்றுவிட்டான். இறங்கிப் பார்த்தால், ஆர்.டி.யின் கூண்டு சக்கரக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு கம்பியில் புதுசாக ஒரு வெட்டு. இன்னும் நாலு மிதி மிதித்திருந்தால் ஆர்.டி. சக்கரத்துக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டு, ஃபிரேமையும் கிழித்திருக்கும்.

பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஆர்.டி.யில் மேலும் கீழுமாக இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. அவையும் பின்சக்கரத்துப் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச்சக்கரம் சக்கரத்தின் பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது. ஹேங்கர் உள்ளே வளைந்துவிட்டது.

ஹேங்கர் என்பது பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஃபிரேமின் வலது முனையில் ஆர்.டி. தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு. வேண்டுமென்றே மெத்தென்று செய்கிறார்கள். வண்டி வலதுபக்கம் விழுந்தால் இது வளைந்து ஃபிரேமைக் காப்பாற்றும். ஆர்.டி. சக்கரத்துக்குள் போகாமல் தடுக்க 'எல்' ஸ்குரூ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது எல்லை போடுவது ஹேங்கரை வைத்துத்தான். ஹேங்கரே உள்ளே சாய்ந்தால் எல்லையும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு. 2019-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் எல்லாருக்கும் பொதுவான ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்தது, அதற்கென்று வடிவமைத்த ஃபிரேமில்தான் அது பொருந்தும். நண்பனின் ஹேங்கர் லேயில் எங்கும் கிடைக்கவில்லை.

வாடகைக்கு சைக்கிள் விடும் கடையொன்றில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஹேங்கரைத் தடவிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போனார். பழைய வாடகை வண்டி ஒன்றின் பின்சக்கரத்தைக் கொண்டுவந்தார். அதன் நடுவிலிருந்த குவிக் ரிலீஸ் கம்பியை உருவினார். அச்சின் முனையில் மரை அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஆர்.டி. மாட்டும் துளையில் வைத்து, முழுச் சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி இறுக்கினார். ஏறியது! இரண்டும் ஒரே 10 மி.மீ. மரை. இப்போது வண்டியின் சொந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் ஹேங்கரிலிருந்து நிற்கிறது. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்களுக்கும் இடைவெளி மேலே கீழே முன்னே பின்னே எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே மூன்று விரல் குறைவாக இருந்தது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து, மெதுவாக இழுத்தார். விரல் வைத்து அளந்தார். திரும்ப இழுத்தார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு நாலு பக்கமும் ஒரே அளவு. அவ்வளவு நிதானமான கையை நான் அதிகம் பார்த்ததில்லை.

"இனி ஒரு தடவை வளைந்தால் முறிந்துவிடும்" என்று இந்தியில் சொன்னார். வளைத்து நிமிர்த்திய அலுமினியத்துக்கு அதுதான் சுபாவம். கம்பியில் வெட்டு இருந்ததால் பாதுகாப்புக்காக எல் ஸ்குரூவை உள்ளே திருகி, 34 பல்லுக்குச் செயின் ஏறவே முடியாதபடி செய்தார். அதன்பிறகு அவனுக்குக் கடைசி கியர் 30 பல். ஒவ்வொரு ஏற்றத்திலும் பதின்மூன்று சதவீதம் கூடுதல் கனம். கார்துங் லா லேயிலிருந்து 39 கி.மீ. போலத்தான், ஆனால் அதற்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உச்சியின் உயரம் சுமார் 5,359 மீட்டர். சவுத் புல்லு செக்போஸ்ட் தாண்டியதும் அவன் இறங்கித் தள்ள ஆரம்பித்தான். அங்கிருந்து உச்சிவரை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். இந்த ஏற்றத்துக்காக ஒரு வருடம் பயிற்சி எடுத்தவன் அவன். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த எனக்கே மனது கஷ்டமாக இருந்தது.

புகாரும் திரும்புதலும்

நான்காம் நாள் இரவே விமான நிறுவனத்துக்கு எழுதினோம். பெல்ட்டை விட்டுப் போகுமுன் புகார் செய்யவில்லை, லிமிடெட் ரிலீஸில் கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. அதோடு சரி. சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள் என்று எழுத்துப் புகாருக்கு அவகாசம் இருக்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. ஆனால் சேதம் விமானத்தில்தான் நடந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இடையில் மூன்று நாள் வண்டி எங்கள் கையில் இருந்திருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் சாமானுக்குக் கிடைக்கும் உச்சபட்ச ஈடே ஆளுக்கு 20,000 ரூபாய்தான். விலை கூடிய வண்டி என்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பதைத் தவிர வழியில்லை.

லேயின் விசேஷச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உடம்பைப் பழக்கவேண்டி வண்டியைப் பிரிக்காமல் இரண்டு நாள் காத்திருந்தது சரியான முடிவு. அதே முடிவுதான் புகாரைப் பலவீனமாக்கியது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டு: பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே ஜிப்பை ஒரு முழம் திறந்து, ஆர்.டி., ஃபோர்க், டிஸ்க் மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை, தலை சுற்றாது. கட்டும்போது வீட்டில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். கோளாறு தெரிந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது வேறொன்று நடந்தது. டெல்லி பெல்ட்டில் எங்கள் இரண்டு வண்டிகளுமே வரவில்லை. எடை அதிகம் என்று லேயிலேயே இறக்கி வைத்துவிட்டார்களாம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லேயின் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய முப்பது சதவீதம் மெல்லியது. இறக்கைக்குத் தாங்கல் குறைவு, எஞ்சினுக்கு இழுப்புக் குறைவு. வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். அதனால் அங்கிருந்து கிளம்பும் விமானம் முழுப் பாரத்தோடு ஏற முடியாது. லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே போய்விடுவதற்கும் இது ஒரு காரணம். பாரத்தைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் இறங்குவது பெரிய பெட்டிகள்தான். மூன்றாம் நாள் இரண்டும் சென்னைக்கு வந்து சேர்ந்தன. வீட்டுச் சாவியை சைக்கிள் பெட்டிக்குள் வைத்திருந்த நண்பன் அதுவரை என் வீட்டில் இருந்தான்.

ஏன் வளைந்தது

புது ஹேங்கர் வாங்கி மாட்டியாயிற்று. பழையது கையில் இருந்தது, இனி எதற்கும் ஆகாது. அதைத் திரும்ப வண்டியில் மாட்டி, ஆர்.டி.யைத் தொங்கவிட்டு, அன்று கட்டியது போலவே டவலைச் சுற்றி, பைக்குள் வைத்து என் வீட்டு ஹாலில் வலதுபக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்தோம். நாங்கள் வந்தது நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானம். அதன் சாமான் அறையில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டபடி, கிடைக்கும் வேகத்தில் அடுக்குகிறார்கள். மூன்றடி உயரச் சைக்கிள் பெட்டியை அங்கே நிறுத்தி வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு.

பைக்கு வெளியிலிருந்து கையை நுழைத்துத் தடவினேன். வலதுபக்கத்தில் தரையை முதலில் தொடுவது ஆர்.டி.தான். சக்கரத்தைக் கழற்றிவிட்டதால் அதற்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை, வெறும் காற்று. மெத்தை கீறலைத் தடுக்கிறது, பாரத்தைத் தடுப்பதில்லை. பாரம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி, ஆர்.டி.யின் நீளம் நெம்புகோலாகி, விரல் நீள ஹேங்கரை வளைக்கிறது. பையில் கீறல் இல்லாததும் இதனால்தான்.

25 கிலோ அரிசி மூட்டையை மேலே மெதுவாக வைத்தோம். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஹேங்கர் அசையவில்லை. அதே மூட்டையை முழங்கால் உயரத்திலிருந்து விட்டோம். கீழ்ப் பல்சக்கரம் ஒரு விரல் உள்ளே போயிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வளைந்த ஹேங்கர், புதியது இவ்வளவு சீக்கிரம் வளையாமல் இருந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திசையில் வளையும் என்பதில் சந்தேகமில்லை. லேயில் பார்த்த அதே சாய்வு.

பிறகு என் அட்டைப் பெட்டியைக் குழாய்களோடு படுக்க வைத்து அதே மூட்டையை அதே உயரத்திலிருந்து விட்டோம். அட்டையில் ஒரு பள்ளம் விழுந்தது, உள்ளே வண்டி நகரவில்லை. குழாய்களை உருவிவிட்டுத் திரும்பச் செய்து பார்க்கலாம் என்றான் நண்பன். என் வண்டியின்மேல் அதைச் செய்ய நான் விடவில்லை.

அவன் பையைத் தூக்கிப் போடவில்லை. நல்ல பை, சக்கரம் வைத்தது, விமான நிலையத்தில் இழுத்துப் போக வசதி. அதே துணிக்கடைக் குழாயில் மூன்று துண்டு அறுத்து உள்ளே போட்டான், பின்சக்கரம் இருந்த இடத்துக்கு ஸ்பேசர் வாங்கினான், சாமான் பையில் ஹேங்கர் இரண்டு எக்ஸ்ட்ரா போட்டு வைத்திருக்கிறான். அப்புறம் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு ஆர்.டி.யைக் கழற்றி, பபிள் ஷீட் சுற்றி, ஃபிரேமுக்குள் கட்டினான். நான்கு நிமிடம் ஆனது.